கூட்டினால் கடல் வரும்

பிளெண்டர் என்கிற இலவச முப்பரிமாண மென்பொருளில் கடல் செய்வது ரொம்பச் சுலபம். ஒரு தட்டையான பரப்பை எடுத்து அதன்மேல் ‘ஓஷன்’ என்கிற மாற்றியைப் போட்டால் போதும், அலை எழும்பிவிடும். காற்றின் வேகம், திசை, அலைமுகட்டின் கூர்மை, நுரை என்று ஏழெட்டு அளவுகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தால் விடிகாலைக் கடலும் வரும், புயல்நாள் கடலும் வரும். அந்த அளவுகளில் ஒன்று ஆழம். நாம் தொடாமல் விட்டால் அது 200 மீட்டரில் நிற்கும்.

நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் கரையில் நின்று கண்ணுக்கு எட்டும் தூரம்வரை பார்த்தாலும் 200 மீட்டர் ஆழமுள்ள கடல் எங்கும் கிடையாது. மென்பொருளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த 200 மீட்டருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கணினிக்குள் இருக்கும் கடல் எவற்றைக் கூட்டி உருவானது, எதைக் கூட்ட முடியாமல் வெளியே விட்டது என்கிற வரலாறு அது. அதில் ஒரு பாதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தது. இன்னொரு பாதி ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஒன்றரை நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

1

கடலலையைக் கணக்காக எழுதியவர்களில் முன்னோடி, பிராகாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோசெஃப் கெர்ஸ்ட்னர். 1802இல் அவர் ஒரு தீர்வை வெளியிட்டார். அலை போகும்போது தண்ணீர் அதோடு போவதில்லை. ஒவ்வொரு துளியும் ஒரு வட்டத்தில் சுற்றிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. மேலே இருக்கும் துளிக்குப் பெரிய வட்டம், ஆழத்தில் இருக்கும் துளிக்குச் சிறிய வட்டம். இப்படிச் சுற்றும் துளிகளின் மேல்விளிம்பை இணைத்தால் முகடு கூராகவும் பள்ளம் அகலமாகவும் ஒரு வடிவம் கிடைக்கும். பார்க்க நிஜ அலை மாதிரியே இருக்கும். இருநூறு வருடம் கழித்தும் வீடியோ கேம்களின் கடலில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு கெர்ஸ்ட்னர் அலையைத் திரையில் ஓடவிட்டால் கடல் தெரியாது. தகரக் கூரை நகர்கிற மாதிரி இருக்கும். நீளம், உயரம், திசை எல்லாம் வேறுவேறாக இருக்கும் பல அலைகளைக் கூட்ட வேண்டும். கூட்டல் என்றால் நிஜமாகவே கூட்டல்தான். ஒரு புள்ளியில் ஒரு அலை 40 சென்டிமீட்டர் மேலே தூக்குகிறது, இன்னொன்று 15 சென்டிமீட்டர் கீழே இறக்குகிறது என்றால் அங்கே தண்ணீர் 25 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். இதற்குத் துணையாக ஒரு விதி: ஆழ்கடலில் நீண்ட அலை வேகமாகப் போகும், குட்டை அலை மெதுவாகப் போகும். 10 நொடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு நீளம் சுமார் 156 மீட்டர், வேகம் மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர். 5 நொடி அலைக்கு நீளம் 39 மீட்டர்தான், வேகம் அதில் பாதி. இந்த விதியை மென்பொருள் மீறினால் கணக்குத் தெரியாதவருக்கும் ஏதோ தப்பு என்று பட்டுவிடும். கடல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த விதி பழக்கமாகவே இருக்கிறது.

2

அந்தக் கண்ணை நம்பித்தான் மதராஸ் பட்டணம் இருநூறு வருடத்துக்கு மேல் வியாபாரம் செய்தது. இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி, கரையோரம் உடைகிற அலைவரிசைகளைத் தாண்ட வேண்டும். மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு நெளிந்துகொடுக்கும். விறைப்பான ஐரோப்பியப் படகுகள் அதே அலையில் நொறுங்கின. பக்கத்திலேயே கட்டுமரத்தில் ஆட்கள் வருவார்கள், யாராவது விழுந்தால் தூக்குவதற்கு.

இந்தப் படகோட்டிகளின் ஊர்தான் ராயபுரம். இராயப்பர் என்பது பேதுருவின் தமிழ்ப் பெயர். படகோட்டிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கட்டிய புனித பேதுரு தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

அலைவரிசையைத் தாண்டும் வித்தை காத்திருப்பதில் இருக்கிறது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் தணியும். அந்த இடைவெளியில் துடுப்பைப் போட்டுத் தள்ள வேண்டும். ஏன் கூட்டமாக வருகின்றன? இதற்கும் கூட்டல்தான் காரணம். 10 நொடி அலை ஒன்றும் 11 நொடி அலை ஒன்றும் ஒரே திசையில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சமயம் இரண்டின் முகடும் சேரும், கடல் எகிறும். போகப்போகச் சுருதி விலகி, ஒன்றின் முகடு இன்னொன்றின் பள்ளத்தில் விழும், கடல் படுக்கும். கணக்குப் போட்டால் 110 நொடிக்கு ஒருமுறை இது திரும்ப நடக்கும். அந்த 110 நொடியில் படகுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான தணிவு. ஃபூரியேவின் பெயரைக் கேட்டிராத படகோட்டி, ஃபூரியே சொன்ன கூட்டலின் விளைவை வைத்துப் பிழைத்தார். இன்று காசிமேட்டுக்கு வடக்கே கரையிலிருந்து ஃபைபர் படகைத் தள்ளுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

3

நீராவிக் கப்பல் காலத்து வியாபாரத்துக்கு இந்தக் காத்திருப்பு பொறுக்கவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்கிற பொறியாளரின் திட்டப்படி கரையிலிருந்து இரண்டு அலைத் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு, கிழக்கே வாசல் விட்டு வளைந்தன. அடியில் கருங்கல் மேடு, அதன்மேல் பெரிய கான்கிரீட் கட்டிகள், அவற்றைத் தூக்கி வைக்க ‘டைட்டன்’ என்று பெயர் வைத்த ராட்சத கிரேன்கள்.

வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று புயல் வந்தது. சுமார் அரை மைல் சுவர் போயிற்று. மேல் இரண்டு வரிசைக் கட்டிகள் துறைமுகத்துக்குள்ளேயே தூக்கி எறியப்பட்டன. இரண்டு டைட்டன் கிரேன்கள் கவிழ்ந்தன. அடியில் இருந்த கல்மேடு தணிந்து பரவிவிட்டது.

அந்தக் காலப் பொறியாளர்களின் கையில் அலைக்கணக்கு எந்த நிலையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் (‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதிய நாவலாசிரியரின் அப்பா) ஒரு சூத்திரம் தந்திருந்தார். காற்று தடையில்லாமல் வீசிவரும் கடல்தூரத்தைக் கடல்மைலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கினால் அலை உயரம் அடியில் கிடைக்கும். 100 மைல் என்றால் 15 அடி. 400 மைல் என்றால் 30 அடி. கேள்வி ஒன்று, பதில் ஒரு எண். கடல் என்பது ஒரு பெரிய அலை, அது திரும்பத் திரும்ப வருகிறது என்கிற படம்தான் இதற்குள் இருக்கிறது. நம் தகரக் கூரை.

சுவரைத் திரும்பக் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று. அப்புறமும் கிழக்கு வாசல் தொல்லை தந்தது. கடலின் ஏற்ற இறக்கம் நேராக உள்ளே வந்து கப்பல்களை ஆட்டியது, மணலும் வாசலை நெருங்கியது. 1904இல் பொறுப்பேற்ற சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அந்த வாசலை மூடிவிட்டு வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்தார்கள். அலை இல்லாத குளம் ஒன்று மதராஸுக்குக் கிடைத்தது. மணல் என்ன ஆயிற்று என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

4

ஒற்றை அலையிலிருந்து பல அலைகளுக்குக் கணக்கு நகர்ந்தது இரண்டாம் உலகப் போரில். படகில் சிப்பாய்களைக் கரை இறக்க வேண்டும். எந்த நாளில் அலை எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் அவருடைய இளம் மாணவர் வால்டர் மங்கும் கலிபோர்னியாவில் அதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்தின் அலைக் கணிப்புக்கு அந்த முறை பயன்பட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. தாறுமாறாக வரும் அலைகளுக்கு ஒரே உயரம் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வது? சராசரி எடுத்தால் படகோட்டிகள் கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்தைவிட ரொம்பக் குறைவாக வந்தது. குட்டி அலைகளைப் படகோட்டிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனவே அவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிற மாதிரி ஓர் அளவை வகுத்தார்கள்: மொத்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு அலை எச்சரிக்கை விடும்போது சொல்லும் உயரமும் இந்த வகை அளவுதான். 2 மீட்டர் என்று அறிவிப்பு வந்தால், அவ்வப்போது அதைப்போல இரண்டு மடங்கை நெருங்கும் அலையும் வரலாம் என்று அர்த்தம்.

பிரிட்டனில் நார்மன் பார்பரும் ஃபிரிட்ஸ் உர்செல்லும் கார்ன்வால் கரையில் பதிவான அலைகளைத் தனித்தனி அலைநேரங்களாகப் பிரித்து 1948இல் வெளியிட்டார்கள். முதலில் நீண்ட அலைகள் வந்து சேர்கின்றன, பிறகு குட்டையானவை. வேக வித்தியாசத்தை வைத்து, எந்தப் புயல், எவ்வளவு தூரத்தில் என்று கண்டுபிடித்துவிடலாம். பின்னாளில் மங்கின் குழு கலிபோர்னியா அருகே பதிவான நீள் அலைகளைத் தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்கள்வரை பின்தொடர்ந்து போயிற்று. எங்கள் கரையிலும் காற்றே இல்லாத நாளில் பெரிய அலை வரும். எங்கோ தென்கோடியில் சில நாட்களுக்கு முன் அடித்த காற்றின் மிச்சம் அது.

1953இல் வில்லார்ட் பியர்சனும் மான்லி செயின்ட் டெனிஸும் குழம்பிய கடலில் கப்பலின் அசைவுகளைப் பற்றி எழுதினார்கள். கடற்பரப்பு என்பது எண்ணற்ற எளிய அலைகளின் கூட்டு. எந்த அலைக்கு எவ்வளவு சக்தி என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. யார் எப்போது முகட்டில் இருப்பார் என்பது வெறும் தற்செயல். 1964இல் பியர்சனும் லியோனெல் மாஸ்கோவிட்ஸும் வட அட்லாண்டிக் பதிவுகளிலிருந்து அந்தச் சக்திப் பங்கீட்டுக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். காற்றின் வேகத்தைக் கொடுத்தால் போதும், கடலின் செய்முறை கையில்.

5

இதற்குப் பிறகு கடலைத் திரைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் கணினி வேகத்தின் பிரச்சினையாகிவிட்டது. 1981இல் நெல்சன் மேக்ஸ் ‘கார்லாஸ் ஐலண்ட்’ என்கிற சிறு படத்துக்கு க்ரே கணினியில் சில அலைகளைக் கூட்டிக் கடல் செய்தார். 1986இல் ஒரே மாநாட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. அலன் ஃபோர்னியரும் வில்லியம் ரீவ்ஸும் கெர்ஸ்ட்னரின் வட்டங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். டார்வின் பீச்சி கரையில் அலை உடைவதைக் காட்ட முயன்றார். அடுத்த வருடம் மாஸ்டின், வாட்டர்பெர்க், மரேடா மூவரும் பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் சூத்திரத்தையே எடுத்து, வேக ஃபூரியே மாற்றத்தின் மூலம் கடல் படம் வரைந்தார்கள்.

இன்று நாம் பார்க்கிற கடலை நிலைப்படுத்தியவர் ஜெர்ரி டெஸன்டார்ஃப். ‘வாட்டர்வேர்ல்ட்’, ‘டைட்டானிக்’ படங்களின் கணினிக் கடலுக்குப் பின்னால் இருந்த இந்த வகை முறையை அவர் பாடக்குறிப்புகளாக எழுதினார். 512-க்கு 512 கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அலை, மொத்தம் 2,62,144 அலைகள். ஒவ்வொன்றின் உயரத்தைக் காற்றின் சூத்திரம் தரும், தொடக்க நிலையைப் பகடை உருட்டி வைக்க வேண்டும், நகர்வை அந்த நீள அலை வேக விதி பார்த்துக்கொள்ளும். வேக ஃபூரியே மாற்றம் எல்லாவற்றையும் நொடியின் சிறு பகுதியில் கூட்டித்தரும். முகடு கூராக வேண்டுமா, புள்ளிகளைக் கிடைமட்டமாகவும் கொஞ்சம் தள்ளு. தள்ளித்தள்ளிப் பரப்பு தன்மேலேயே மடியும் இடத்தில் வெள்ளை பூசு, அதுதான் நுரை. பிளெண்டரில் இருக்கும் ‘ஓஷன்’ இதன் பேரப்பிள்ளை. கப்பல் ஓட்டப் பழக்கும் பயிற்சி அறைகளின் திரையில் ஆடும் கடலும் இந்தக் குடும்பம்தான்.

நுரைக்கு வெள்ளை பூசுகிற இடத்தில் கொஞ்சம் நிற்போம். அங்கே அலை உடையவில்லை. உடைந்திருக்கும் என்று யூகித்து நிறம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். கூட்டல் செல்லுபடியாக வேண்டுமானால் அலைகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் கடந்துபோக வேண்டும். ஆழத்தில் அப்படித்தான் போகின்றன. கரையை நெருங்கும்போது தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். 10 நொடி அலைக்கு அது 78 மீட்டர். பிறகு மெதுவாகும், திரும்பும், குட்டையாகும், எழும்பும். தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைவிடச் சற்றே அதிகம் என்கிற நிலை வந்ததும் உடையும். உடைந்த பிறகு கூட்டலுக்கு அங்கே வேலை இல்லை. அந்த 200 மீட்டர், கூட்டல் நிம்மதியாக வேலை செய்யும் ஆழம்.

6

கெர்ஸ்ட்னரின் துளி வட்டம் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும் என்று பார்த்தோம். கணினிக் கடலிலும் அப்படியே. எத்தனை லட்சம் அலைகளைக் கூட்டினாலும், எத்தனை மணிநேரம் ஓடவிட்டாலும், சராசரி பூஜ்யம். ஒரு துளிகூட இடம்பெயராது. ராயபுரம் கரையில் சராசரி பூஜ்யம் கிடையாது.

வருடத்தின் பெரும்பகுதி எங்கள் கரைக்கு அலை தென்கிழக்குப் பக்கமிருந்து சாய்வாக வருகிறது. உடையும்போது கிளறிய மணலை வடக்கே கொஞ்சம் தள்ளுகிறது. வாடைக்காற்று அடிக்கும் மழைக்கால மாதங்களில் அலை வடகிழக்கிலிருந்து வந்து மணலைத் தெற்கே தள்ளுகிறது. கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்கு. இந்த மணல் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் 1876இலிருந்து சுவர் எழுந்தது. தெற்கே மணல் தேங்கியது. ஒருகாலத்தில் கோட்டை மதில்வரை வந்த கடல் விலகிப்போனது, மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ஸ்பிரிங்கே இந்த மணல் பயணத்தைப் பற்றிப் பொறியாளர் சங்கத்துக்கு எழுதினார். ஆக, தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

அதன்பின் நூறு வருடமாக ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் வரிசையாக உள்ளே வந்தது. கருங்கல் கொட்டினார்கள். எண்ணூர் விரைவுச்சாலையைக் காப்பாற்ற மேலும் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவற்றுக்கிடையே கொஞ்சம் மணல் பிடித்தது, அரிப்பு வடக்கே நகர்ந்தது. கல் கொட்டிய இடத்தில் சாலை தப்பிக்கும். ஆனால் கரைவலை இழுக்க, படகை ஏற்றி வைக்க, மீன் காயவைக்க மணல் வேண்டும். கரை என்பது எங்கள் பகுதியில் ஒரு தொழிற்கூடம்.

7

துறைமுகப் பொறியாளர்கள் திரைப்படக் கடலை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. அவர்களிடம் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்வான் போன்ற மாதிரிகள் இருக்கின்றன. தனித்தனி அலையை வரையாமல் அலைச்சக்தியின் பங்கீட்டைப் பின்தொடர்ந்து, அலை திரும்புவதையும் உடைவதையும் அவை கணக்கில் எடுக்கும். துறைமுகத்துக்குள் கப்பல் எவ்வளவு ஆடும் என்று அவற்றின் துணையோடு நம்பிக்கையாகச் சொல்லலாம். மணல்தான் கஷ்டம். வழக்கமான சூத்திரப்படி, அலை கரையை 5 டிகிரி சாய்வில் தொடுவதற்கும் 7 டிகிரியில் தொடுவதற்கும் மணல் அளவில் ஏறக்குறைய 40 சதவீதம் வித்தியாசம் வரும். அலை உயரம் மாறவே வேண்டாம். போதாததற்கு, நமக்கு வேண்டியது வடக்கே போன பெரிய எண்ணிலிருந்து தெற்கே போன இன்னொரு பெரிய எண்ணைக் கழித்த மிச்சம். ஒன்றில் சின்னப் பிழை என்றால் மிச்சத்தில் பெரிய பிழை.

2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதன் விரிவாக்கத் திட்டத்தைக் கேட்டதிலிருந்து, அரிப்பு பழவேற்காடுவரை போய்விடும் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்லிவருகிறார்கள். இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் பேசுவது கடலைப் பற்றித்தான். ஒரு தரப்பிடம் மாதிரி இருக்கிறது. இன்னொரு தரப்பிடம் நூற்றைம்பது வருட அனுபவம் இருக்கிறது. மாதிரி என்பது ஒரு பெட்டி. அதற்கு நான்கு ஓரங்கள் உண்டு, ஓரங்களை மனிதர்கள்தான் வரைகிறார்கள். மதராஸ் துறைமுகத்தைக் குளத்தின் அமைதியை வைத்து மட்டும் மதிப்பிட்டால் அது ஒரு வெற்றிக் கதை. பெட்டியை வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நீட்டினால் வேறு கதை.

கருத்துக்கேட்புக் கூட்டங்களில் வண்ண வரைபடங்களும் அசையும் அலைகளும் காட்டப்படும் காலம் இது. அவற்றைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். நம் தலைமுறைக்கு இந்தப் படங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று தெரியும். நம்மில் பலர் லேப்டாப்பில் செய்தே பார்த்திருக்கிறோம். அதனால் கேட்கலாம். பெட்டி வடக்கே எந்தக் குப்பத்தோடு முடிகிறது? எத்தனை மழைக்காலங்களின் அலைப்பதிவை உள்ளே கொடுத்தீர்கள்? கணக்கை எத்தனை வருடத்துக்கு ஓடவிட்டீர்கள்? மணல் எண்ணில் எவ்வளவு முன்னே பின்னே இருக்கும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு அந்தக் கடலைப் பற்றிப் பேச உட்காரலாம்.